டீமை மொத்தமா கலைச்சிடலாமா?

தென்மாவட்டத்துல இருந்து ஒரு ஃபுட்பால் கிளப் செகரட்டரி கேட்டிருக்கார். மாவட்ட லீக்ல ரெண்டு தடவ கப் அடிச்ச டீமாம், மூணு சீசனா சறுக்கிக்கிட்டே வந்து போன வருஷம் கடைசிக்கு முந்தின இடம். கமிட்டில பாதிப் பேரு 22 பேரையும் ரிலீஸ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிப்போம்ங்கறாங்க, ஒரு ஏஜென்ட் வேற முழு டீமையும் நானே இறக்கித் தரேன்னு வந்து நிக்கிறாராம். கலைக்கவா வேணாமான்னு கேக்குறார்.

வேணாம் தம்பி. கலைக்காதீங்க.

முதல்ல ஒரு நோட்டு எடுத்து போன சீசன்ல வாங்கின ஒவ்வொரு கோலும் எந்த நிமிஷத்துல, எந்தப் பக்கமா வந்துச்சுன்னு எழுதுங்க. நான் கோச்சா இருந்த ஒரு டீம்ல இதே மாதிரிதான் கலைச்சிடலாம்னு பேச்சு வந்துச்சு. எழுதிப் பாத்தா முக்காவாசி கோல் 65வது நிமிஷத்துக்கு அப்புறம் வாங்கினது. ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்கற ஆளுங்க, ரெண்டு பேருக்கும் 33 வயசு தாண்டியாச்சு, யாராவது பின்னாடி ஓடிருவானோன்னு பயந்து பின்னால போயி பெனால்டி பாக்ஸ் லைன்லயே நின்னுக்குவாங்க, அவங்களுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவுல ஒரு லாரியே திருப்பலாம், எதிர் டீம் பையன் அங்க நின்னு நிதானமா பந்தை வாங்கித் திரும்பி அடிப்பான். ஒரே ஒரு ஸ்டாப்பரை மாத்தினோம், பிராக்டிஸுக்கு வராதவன் மேட்ச்ல கிடையாதுன்னு சொன்னோம். அடுத்த சீசன் நடுவுல வந்து உக்காந்துட்டோம். 22 பேரை அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு.

கோல்கீப்பர், ஒரு ஸ்டாப்பர், நடு மிட்ஃபீல்டு, ஒரு ஃபார்வேர்டு, இந்த நாலுதான் டீமோட முதுகெலும்பு. அதுல ரெண்டு மூணாவது தேறுதுன்னா வச்சிக்கிட்டு சீசனுக்கு நாலஞ்சு பேரை மாத்துங்க, அதுக்கு மேல மாத்தினா ஒருத்தன் பாஸை இன்னொருத்தன் புரிஞ்சிக்கறதுக்குள்ள லீக்கே முடிஞ்சிரும். 1995ல இங்கிலாந்துல கோச் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்ல இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூணு பேரையும் ஒரே கோடைல வித்துட்டு சின்னப் பசங்களை இறக்கி 1996ல லீக், எஃப்ஏ கப் ரெண்டையும் ஜெயிச்சார், அதைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வாங்க. ஆனா முதுகெலும்பா இருந்த ஷ்மைக்கேல், ப்ரூஸ், பாலிஸ்டர், கீன், கன்டோனா எல்லாரும் உள்ளதான இருந்தாங்க, அதை யாரும் சொல்றதில்ல.

தலைகீழா நடந்ததையும் நாமளே பாத்தாச்சு. கோயம்புத்தூர்ல ஆடின சென்னை சிட்டி 2018-19ல இந்திய அளவு லீக்கான ஐ-லீக்ல சாம்பியன், அவங்க ஃபார்வேர்டு பெட்ரோ மான்சி அந்த சீசன்ல 21 கோல். 2020 ஜனவரில அவர் ஜப்பானுக்குப் போனாரு, 2021-22 சீசன்ல ஐ-லீக்லயே அந்த டீம் இல்ல. காரணம் ஒண்ணு மட்டும் இல்லதான், ஆனா முதுகெலும்பு போனா ஆட்டம் எப்படி உக்காந்துரும்னு கிரவுண்டுல பாத்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்த ஏஜென்ட் விஷயம், எனக்கு அதுலதான் வயித்த கலக்குது. 2023ல இருந்து ஏஜென்ட் வேலை பாக்கணும்னா ஃபிஃபா பரிட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கணும், பேரு ஃபிஃபா வெப்சைட்லயே இருக்கும், தேடிப் பாருங்க, இல்லன்னா டீயோட அனுப்பிருங்க. மொபைல்ல ரெண்டு நிமிஷ வீடியோ காட்டுவான், அதுல எல்லாப் பந்தும் கோல்தான். நாங்களும் ஒரு தடவ அப்படி ரெண்டு வெளிநாட்டு பசங்களுக்கு அட்வான்ஸ் குடுத்தோம், பசங்க வந்து இறங்கிட்டாங்க, முந்தி ஆடின நாட்டு ஃபுட்பால் சங்கத்துல இருந்து ஐடிசி, அதாவது நாடு மாறி ஆடறதுக்கான டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட், வரல, அது இல்லாம ரிஜிஸ்டர் பண்ண முடியாது, லீக் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் கேலரில உக்காந்திருந்தாங்க, பாவம் அவனுங்களும் ஏமாந்தவனுங்கதான். பணம் திரும்பி வரவே இல்ல.

இன்னொண்ணு, எல்லாரையும் ரிலீஸ் பண்றோம்னு உங்க 16, 17 வயசுப் பசங்களுக்கும் சேத்து என்ஓசி, அதாவது வேற கிளப்புக்குப் போகலாம்ங்கற தடையில்லா சான்று, குடுத்துராதீங்க. ஒரு பையன் முதல் புரொஃபஷனல் காண்ட்ராக்ட் போட்டா 12 வயசுல இருந்து 21 வரைக்கும் அவனை வளத்த கிளப்புக்கு டிரெய்னிங் காம்பன்சேஷன்னு, வளத்ததுக்கு ஈடா ஒரு தொகை, ஃபிஃபா ரூல்லயே இருக்கு. உங்க கிளப்புல ஆடினான்னு ரிஜிஸ்டர்ல பதிவு இருந்தாத்தான் கேக்க முடியும். அந்த என்ஓசிலயே "எங்களுக்கு எதுவும் வேணாம்"னு ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்கிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க, வரிக்கு வரி படிங்க. இதையெல்லாம் கிளப்புகளுக்கு ஃபுட்பால் சங்கங்கதான் சொல்லித்தரணும், ஆனா லீக் எப்ப ஆரம்பிக்குதுன்னே ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் சொல்றாங்க, அப்புறம் எங்க.

மொத்தமா புதுசா ஆரம்பிக்க வேண்டிய ஒரே நிலைமை, கிளப்பே கடன்ல முழுகிப்போனா. இத்தாலில பார்மா கிளப் 2015ல திவாலாச்சு. நாலாவது டிவிஷன் சீரி டி-ல இருந்து புதுசா ஆரம்பிச்சாங்க, வருஷம் ஒரு டிவிஷன் ஏறி 2018ல முதல் டிவிஷன் சீரி ஏ-க்கே வந்துட்டாங்க. நல்லா கவனிங்க, அங்க கலைக்கறதா வேணாமான்னு யாரும் உக்காந்து யோசிக்கல, வேற வழியே இல்ல. அப்பவும் கேப்டன் லூக்கரெல்லி, 38 வயசு ஆகப்போற ஸ்டாப்பர், நான் எங்கயும் போகலன்னு சீரி டி கிரவுண்டுக்கு இறங்கி வந்து ஆடினார், கூடவே மேல ஏறி 40 வயசுல ரிட்டயர் ஆனார். சுழியத்துல இருந்து ஆரம்பிச்சவங்களே ஒருத்தரைப் பிடிச்சு வச்சிருந்தாங்க தம்பி. உங்களுக்கு கடன் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் எதுக்கு பார்மா கதை.

அந்த ஏஜென்டுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் ஏதாவது குடுத்துட்டீங்களா? குடுத்திருந்தா ரசீது இருக்கான்னு பாத்துட்டு உடனே எழுதுங்க.