வாசகர் கேள்வி-பதில்: ஈரெழுத்துச் சொற்களில் தொடங்குங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளியில், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கிறாள். ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். 'ஏ' எழுத்தைத் தாண்டுவதற்குள் சலித்துப்போய் மூடி வைத்துவிட்டாள். எந்த வரிசையில் படிக்கச் சொல்வது?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: குழந்தையிடம் குறையில்லை, பட்டியலின் வரிசைதான் அவளுக்கு உதவவில்லை. அகர வரிசை என்பது தெரிந்த சொல்லின் பொருளைத் தேடிப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. ஆடுபவருக்கோ கையில் ஏழு எழுத்துகளும் பலகையில் ஓர் இடுக்கும் மட்டுமே இருக்கின்றன. அந்த இடுக்கில் எத்தனை எழுத்து கொள்ளும், கையிலிருக்கும் எந்த எழுத்தை அங்கே வைக்கலாம் என்றுதான் அவர் யோசிக்கிறார். ஆகவே பட்டியலை முதலில் நீளத்தாலும், பிறகு எழுத்தாலும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஈரெழுத்துச் சொற்களே முதற்படி. நம் நாட்டுப் போட்டிகளில் பின்பற்றப்படும் காலின்ஸ் சொற்பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 127 மட்டுமே. ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்கு ஒட்டினாற்போல் இன்னொரு சொல்லை வைக்கும்போது, தொடும் இடமெல்லாம் ஈரெழுத்துச் சொல்லாக அமைய வேண்டும் என்பதால், இந்த 127 தெரியாதவர் நெருக்கமான பலகையில் கைகட்டி நிற்க நேரும். இவற்றில் 'இன்', 'ஆன்', 'வீ' (டபிள்யூ, ஈ), 'மை' போன்ற முப்பதுக்கும் மேற்பட்டவை தங்கள் மகளுக்கு இப்போதே தெரியும். மீதியை அவளுக்குப் பழகிய குடும்பங்களாகப் பிரித்துக் கொடுங்கள். எஃப், எல், எம், என் ஆகிய எழுத்துகளின் பெயர்களே முன்னால் ஓர் 'ஈ' சேர்த்து எழுதப்படும்போது சொற்களாகின்றன. கணக்குப் பாடத்தில் வரும் 'பை', அதன் கிரேக்க உறவுகளான 'மியூ', 'நியூ' ஆகியவை ஒரு குடும்பம். மேலை இசையின் 'டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி' இன்னொரு குடும்பம். ஏழு சுரமும் செல்லும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'வி' எழுத்து வரும் ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. இல்லாததைத் தேடி நேரம் போக்காமல் இருக்க இது உதவும்.

அடுத்து, தெரிந்த சொல்லின் முன்னும் பின்னும் எந்த எழுத்து ஒட்டும் என்று பார்க்கப் பழக்குங்கள். 'ரெயின்' என்ற நான்கெழுத்துச் சொல்லை எழுதி, முன்னால் ஓரெழுத்து வைத்தால் என்னென்ன வரும் என்று கேளுங்கள். 'ட்ரெயின்', 'பிரெயின்', 'கிரெயின்' என்று அவளே அடுக்குவாள். மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்துக்கும் மேல் இருப்பதால், ஈரெழுத்துச் சொற்களின் முன்பின் ஒட்டுகளாகவே அவற்றைப் படிப்பது நினைவில் நிற்கும்.

நீண்ட சொற்களுக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். சொல்லின் எழுத்துகளைப் பிரித்து அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கைப் பார்த்தவுடன் சொல் தோன்றும்படி பயில்கிறார்கள். ஈ, ஐ, எல், என், எஸ், டி என்று ஓர் அட்டையில் எழுதுங்கள். 'லிசன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' எல்லாம் அந்த ஆறெழுத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஏழு எழுத்தையும் ஒரே முறையில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளிகள் கிடைக்கும் என்பதால் இந்தப் பயிற்சி வீண்போகாது. ஆனால் இதற்கு ஓராண்டு பொறுக்கலாம். இப்போது ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும்.

கேள்வி: 'க்யூ' கையில் வந்து, 'யு' வராவிட்டால் என்ன செய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: 'க்யூ' ஒரே ஒரு காய்தான், அதன் மதிப்பு 10. அதற்கு முதல் மருந்து 'சீ' என்று ஒலிக்கும் ஈரெழுத்துச் சொல். 'க்யூ'வுக்குப் பின் 'ஐ' வைத்தால் போதும். சீனத்தில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் 'க்யூ'வை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அச்சொல் அமையும்படி செய்தால், 'ஐ'கள் சாதாரணக் கட்டங்களில் இருந்தாலும் பக்கத்துக்கு 31 ஆக 62 புள்ளிகள் சேரும்.

'யு' இல்லாத மற்றவற்றில் பல அரபு வழி வந்தவை. தங்களுக்கு அவை புதியன அல்ல. நாம் பக்கிரி என்பது ஆங்கிலத்தில் எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். தலாக், நிக்காப் ஆகியவற்றிலும் 'க்' ஒலிக்கு 'க்யூ' எழுதலாம். காஜியும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறார். நம் சுருட்டுகூட 'செரூட்' என்று ஏழெழுத்துச் சொல்லாக அங்கே குடியேறியிருக்கிறது. கையிலிருந்தே ஏழும் இறங்கினால் அந்த 50 புள்ளியும் நமக்குத்தான்.

கேள்வி: பொருள் தெரியாமல் சொற்களை மனப்பாடம் செய்வது சரியா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஆட்ட விதி பொருளைக் கேட்பதில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாதவராயிருந்தும், சில வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்து, 2015இல் அம்மொழியின் உலகப் பட்டத்தை வென்றார். அவருடைய நினைவாற்றல் நமக்கு வாய்ப்பது அரிது. பொருளோடு படித்த சொல் எனக்குப் பல ஆண்டுகள் நிற்கிறது. வெறும் எழுத்தாகப் படித்தது ஒரு மாதத்தில் போய்விடுகிறது. எனவே ஒவ்வொரு அட்டையின் பின்புறத்திலும் ஒரு வரியில் பொருளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.