அட்டைப்படத்தின் வேலை

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஃபேஷன் இதழ்களின் அட்டைகளைத் தொகுத்த படப்புத்தகம் ஒன்று கிடைத்தது. 1920களின் அட்டைகளில் அழகான ஓவியங்கள். எழுத்து மிகக் குறைவு. இப்போதோ ஒரு நடிகையின் முகமும் அதைச் சுற்றித் தலைப்புகளும்தான். ஓவியர்களை விலக்கியதோடு ரசனையும் போய்விட்டது என்றுதானே பொருள்?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

ரசனை போகவில்லை, அட்டை செய்ய வேண்டிய வேலை மாறிவிட்டது என்பதே என் எண்ணம்.

1892இல் நியூயார்க்கில் தொடங்கிய வோக், முதலில் மேல்தட்டுக் குடும்பங்களுக்கான வார இதழ். தெரிந்த வட்டத்துக்குள் புழங்கும் இதழ் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், அந்தப் பெயரையே ஓவியத்துக்கு இசைய இதழுக்கு இதழ் வேறு வேறு வடிவத்தில் எழுதினார்கள். ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற இன்னொரு ஃபேஷன் இதழுக்கு 1915 முதல் எர்தே என்ற ஓவியர் வரைந்த அட்டைகளைத் தையல்காரர் கண்ணோடு பாருங்கள்: அந்த உடைகளில் பலவற்றுக்கு அளவெடுக்கவே முடியாது.

1932 ஜூலையில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த, நீச்சலுடைப் பெண்ணின் வண்ணப் புகைப்படம் வோக் அட்டையில் வந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் ஓவியமும் புகைப்படமும் மாறி மாறி வந்தன. புகைப்படம் வந்ததும் வடிவமைப்பு செத்துவிட்டது என்பவர்களுக்கு நான் காட்டுவது வோக்கின் 1950 ஜனவரி இதழை. புகைப்படக் கலைஞர் எர்வின் புளூமென்ஃபெல்ட் ஒரு கறுப்பு வெள்ளை முகப்படத்தில் மூக்கையும் கன்னத்தையும் நீக்கி, ஒரு கண், புருவம், உதடு, மச்சம் ஆகியவற்றை மட்டும் வெண்மையில் மிதக்கவிட்டு வண்ணம் சேர்த்தார். ஃபேஷன் இதழின் அட்டையில் உடையே இல்லை! அதை யாராவது உங்கள் கடைக்கு எடுத்து வந்தால் தைத்துக் கொடுக்க ஒன்றுமிருக்காது.

நீங்கள் வருந்தும் எழுத்துக் கூட்டத்துக்குக் காரணம் கடைதான். காட்பாடி ரயில் நிலையம் போன்ற இடங்களில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கும்போது, தலைப்பகுதியும் ஓர் ஓரமும்தான் கண்ணில் படும். ரயிலுக்கு ஓடுகிறவர் அந்தக் கொஞ்ச இடத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். பெயர் மாறாத எழுத்துருவில் மேலே நிலைத்ததும், ஓரங்களில் தலைப்புகள் அடுக்கப்பட்டதும் இந்தக் கட்டாயத்தால்தான். நடிகை முகமும் அப்படியே, தெரிந்த முகம் சீக்கிரம் விற்கும்.

ஆனால் இந்த நெருக்கடிக்குள்ளும் துணிச்சல் நிகழ்ந்தது. ஆனா வின்டூர் ஆசிரியராகப் பொறுப்பேற்று 1988 நவம்பரில் வெளியிட்ட முதல் வோக் அட்டையில், லக்ருவா என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரின் விலையுயர்ந்த மேற்சட்டையும் சாதாரண ஜீன்ஸும் அணிந்த பெண், கண்கள் பாதி மூடியபடி சிரிக்கிறாள். இது தவறுதலாக வந்துவிட்டதா என்று அச்சகத்தார் தொலைபேசியில் கேட்டார்களாம்.

ஓவியர்களும் ஒருமுறை திரும்பினார்கள். 2020 ஜனவரியில் இத்தாலிய வோக், புகைப்படக் குழுக்களின் விமானப் பயணமும் மின்செலவும் சுற்றுச்சூழலுக்கு இழைக்கும் கேட்டைச் சுட்டி, அட்டைகளை ஓவியர்களிடம் ஒப்படைத்தது. மிச்சமான பணத்தை வெனிஸில் வெள்ளத்தால் சேதமடைந்த ஒரு பண்பாட்டு நிறுவனத்தைச் சீரமைக்கக் கொடுத்தது. அப்போதும் ஓவியர்களை அழைத்து வந்தது ரசனை அல்ல, சுற்றுச்சூழல் கணக்கு.