களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் இருக்கிறேன். முதல் பிரசவம், 26ஆவது வாரம் நடக்கிறது. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 158. மூன்று மாதச் சராசரி 5.2தான். வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை, நானும் இனிப்பு அதிகம் தொடமாட்டேன். அப்புறம் எப்படி வந்தது? மாமியார் தினமும் கேழ்வரகுக் களி கிண்டித் தருகிறார். இன்சுலின் ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 5.2ஐ ஓரமாக வைத்துவிடுங்கள். அது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு; கர்ப்பத்தில் அந்த அணுக்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறுவதால் அந்த எண் குறைவாகவே காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பதுதான் இங்கே கணக்கு. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை இது. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரத் தேவையில்லை என்பதே இதில் பெரிய சௌகரியம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007இலேயே ஆணை போட்டது.

இனிப்பு தொடாமலே எப்படி வந்தது? காட்பாடிக்கு வெளியே சிக்னல் விழாமல் அவுட்டரில் ரயில் நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை நிற்பதும் அப்படித்தான். இன்சுலின் வந்து தசை செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்காரும். அந்தச் சேதியை உள்ளே ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதம் வாங்கி, பி.ஐ.3 கைனேஸ் என்ற அடுத்த புரதத்துக்கும், அது ஏ.கே.டி. என்ற இன்னொன்றுக்கும் கைமாற்றும். கடைசியில் குளூட்-4 என்ற கதவு செல்லின் ஓரத்துக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். இந்தக் கைமாற்றலில் முக்கியமான வேலை, பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டுவது. ஐ.ஆர்.எஸ்.-1இல் டைரோசின் என்ற இடத்தில் ஒட்டினால் சேதி போகும்; செரின் இருக்கும் சில இடங்களில் ஒட்டினால் அங்கேயே நின்றுவிடும்.

குழந்தைக்குச் சர்க்கரை தடையில்லாமல் கிடைக்கட்டும் என்று நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இந்தச் சேதியை வேண்டுமென்றே மந்தமாக்குகின்றன. கடைசி மாதங்களில் எந்தக் கர்ப்பிணிக்கும் இன்சுலினின் வேகம் பாதியளவு குறைந்துவிடும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டினால் வெளியே தெரியாது. உங்களுக்கு ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

சரி, களிக்கு வருவோம். மாமியாரிடம் சண்டை வேண்டாம். கேழ்வரகில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அரிசியில் இல்லை. ஆனால் மாவுச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நைசாக அரைத்த மாவு, அதுவும் நம் பக்கம் அரிசி நொய் போட்டுக் கிண்டுகிற களி, கடகடவென்று சர்க்கரையை ஏற்றும். ஒரே ஒரு சின்ன உருண்டை, கூடவே நிறையக் கீரைக் கடைசல், ஒரு முட்டை அல்லது சுண்டல் என்றால் சரி. காலையில் களி வேண்டாம். அந்த நேரத்தில்தான் இன்சுலின் மிகவும் மந்தமாக இருக்கும் என்பதால் நாலு இட்லியும் ரெண்டாகட்டும். ஏழாம் மாத வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு மீதியை விருந்தாளிகளிடம் தள்ளிவிடுங்கள்.

சாப்பிட்டபின் 15 நிமிட நடையை மருந்து என்றே நினையுங்கள். தசை அசைந்தால் இன்சுலினின் சேதிக்குக் காத்திராமல் குளூட்-4 தானாகவே மேலே வரும். சிக்னல் விழாவிட்டால் இறங்கி டவுன் பஸ் பிடிக்கிற மாதிரி. மருத்துவர் நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

இப்படி இரண்டு வாரம் இருந்து பாருங்கள். வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120க்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாம் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, சர்க்கரைதான் போகும். அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கொட்டும், குழந்தை கொழுத்துப் பெருக்கும். பிறந்ததும் தாயின் சர்க்கரை நின்றுபோக, சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். குதிகாலில் குத்திப் பார்ப்பதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலும் உங்கள் சர்க்கரையும் இறங்கிவிடும். அம்மா வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் பலர் இதோடு மறந்துவிடுகிறார்கள். 6 வாரம் கழித்து அதே 75 கிராம் சோதனையை மறுபடி செய்தாக வேண்டும், ஏனென்றால் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவதும் அந்த 6ஆவது வாரத்தில்தான். அன்றைக்கே நீங்களும் கையை நீட்டிவிட்டு வாருங்கள்.