மூன்று நாள் சாரணியர் முகாம்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம்தான் பள்ளியின் சாரணியர் படையில் சேர்ந்தாள். இப்போது வெளியூரில் மூன்று நாள் முகாம் என்கிறார்கள். கட்டணம் ஐயாயிரம் ரூபாய். “முகாமுக்கு வந்தால் ஆளுநர் விருதுச் சான்றிதழ் கிடைக்கும், கல்லூரி சீட்டுக்கும் ரயில்வே வேலைக்கும் உதவும்” என்று வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் சொல்கிறார். வேண்டாம் என்றால் பெண் அழுகிறாள். சரி என்றால் கணவர் முறைக்கிறார். அனுப்பலாமா? அவளுக்கு ஆஸ்துமா உண்டு. சீருடையை வெளியில் தைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது முகாமும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. போன மாதம் சேர்ந்த பெண்ணுக்கு இந்த மாதம் ஆளுநர் விருதாம்! இருபது வருடத்துக்கு மேல் சாரணிய ஆசிரியையாக இருந்தவள் நான். இந்த ஒரு வரி போதும், உங்களிடம் பேசியவர் ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது விவரமானவர்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு பெண் சேர்ந்ததும் முதலில் ‘பிரவேஷ்’. உறுதிமொழி, சட்டம், வணக்கம், இடது கைக் குலுக்கல் எல்லாம் கற்றுக்கொண்டு முறையாக உறுப்பினராவது அதுதான். அப்புறம் பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று மூன்று படிகள். முடிச்சு போடுவது, முதலுதவி, வரைபடம் பார்ப்பது, கூடாரம் அடிப்பது, சமைப்பது என்று ஒவ்வொன்றிலும் செய்து காட்ட வேண்டியவை இருக்கின்றன. படிகளுக்கு நடுவில் மாதக் கணக்கில் இடைவெளியும் வேண்டும். மூன்றையும் தாண்டிய பிறகுதான் மாநில அளவில் தேர்வு முகாம் வைத்து ‘ராஜ்ய புரஸ்கார்’ தருவார்கள். நம் ஊரில் ஆளுநர் விருது என்று சொல்வது இதைத்தான். அதற்கும் மேலே இருப்பது குடியரசுத் தலைவர் விருது. ஆக மூன்று நாள் முகாமில் கிடைக்கும் சான்றிதழ், முகாமில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்தான். அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதற்கு ஆளுநர் விருது என்று பெயர் சொல்லிப் பணம் வாங்குவது மோசடி.

கல்லூரி சீட்டு விஷயம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் சிறப்பு ஒதுக்கீடு விளையாட்டு வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இருக்கிறது. சாரணருக்கு இல்லை. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு அறிவிப்பு வரும். குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்ந்த தகுதி, பல ஆண்டுத் தொடர் உறுப்பினர், தேசிய, மாநில நிகழ்ச்சிகளில் பங்கேற்பு என்று கேட்பார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. இடையில் ஒரு வருடம் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேலைக்காக என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வரட்டும்.

சரி, அனுப்பலாமா என்பதற்கு வருகிறேன். நல்ல முகாம் என்றால் கட்டாயம் அனுப்புங்கள். பதினான்கு வயதுப் பெண் தன் தட்டைத் தானே கழுவி, ஆறேழு பேர் கொண்ட அணியில் யார் விறகு பொறுக்குவது, யார் தண்ணீர் எடுப்பது என்று சண்டை போட்டுச் சமாதானமாகி, மழையில் நனைந்த கூடாரத்தைத் திரும்ப இழுத்துக் கட்டிவிட்டு வந்தால், வீட்டில் நீங்கள் நூறு தடவை சொல்லியும் நடக்காதது நடந்திருக்கும். 1907இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சுமார் இருபது பையன்களைக் கூட்டிப் போய் முதல் முகாம் நடத்தினார். அங்கேயே பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒருவனைத் தலைவனாக்கினார். இன்றைக்கும் உயிர் அதில்தான். பெரியவர்கள் மைக் பிடித்துப் பேச, பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் அது சாரணர் முகாம் இல்லை. பள்ளி அசெம்பிளியை வெளியூரில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நல்ல முகாமா என்பதைச் சீருடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கார்ஃபும் விசிலும் கடையில் கிடைக்கின்றன. 2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று நடந்தது நினைவிருக்கிறதா? என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் பயிற்சியாளராக வந்தவர்மீது பள்ளி மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. விஷயத்தை மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது, அதற்கு ராணுவ அதிகாரிகளும் பட்டாலியனும் உண்டு. அந்தப் பெயரிலேயே ஒருவர் பள்ளிக்குள் நுழைந்து முகாம் நடத்த முடிந்தது என்றால், சாரணர் பெயரில் முடியாதா?

ஆகவே பள்ளியில் நேராகப் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். நேரில் கேட்டால்தான் முகம் தெரியும்.

முதல் கேள்வி: இந்தப் படையின் சாரணிய ஆசிரியை யார்? சாரணர் படை பையன்களுக்கு, சாரணியர் படை பெண்களுக்கு. சாரணியர் படையை நடத்துபவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியாவது முடித்திருக்க வேண்டும். “சார்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்” என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தில் ‘வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்’ வருகிறார், ஆசிரியை எங்கேயும் வரவில்லை. அதையும் கவனித்தேன்.

இரண்டாவது: படை பதிவாகியிருக்கிறதா, இந்த ஆண்டு புதுப்பித்திருக்கிறார்களா, மகளுக்கு உறுப்பினர் எண் வந்துவிட்டதா? மூன்றாவது: முகாமுக்கு மாவட்ட சாரண அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி எங்கே? அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, மாவட்டச் செயலரின் எண்ணை நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்து ஒரு போன் போடுங்கள். பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கும் எண்ணுக்குப் போடாதீர்கள், அந்த முனையிலும் அவருடைய ஆளே எடுப்பார். ‘சாரணர்’ என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு வேறு சங்கங்களும் இருக்கின்றன. உலக சாரணர் அமைப்பிலும் உலக சாரணியர் அமைப்பிலும் இந்தியாவின் உறுப்பினர், 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரண சாரணியர் இயக்கம்தான். ரசீதில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரசீதே இல்லை, ஜிபேயில் யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்றால், மற்ற கேள்விகள் தேவையே இல்லை.

இந்த இடைத்தரகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒருவர் ஐந்தாறு பள்ளிகளைப் பிடித்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து அணிவகுப்பு சொல்லித் தருவார். பிள்ளைகள் செய்ததை அவ்வப்போது எழுதிவைக்க வேண்டிய செயல்பாட்டுக் குறிப்பேட்டை ஒரே இரவில் ஒரே பேனாவால் நிரப்பித் தருவதற்குத் தனிக் காசு. ஒரு தேர்வு முகாமில் என் முன்னால் வந்த பெண்ணின் குறிப்பேடு அச்சடித்த மாதிரி இருந்தது. “ரீஃப் முடிச்சு போடம்மா” என்று கயிறைக் கொடுத்தேன், ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் முடிச்சு அது. ஷூ லேஸ் கட்டுவது போலக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுடைய அப்பா கடன் வாங்கிக் கட்டியிருந்தார்.

இதற்கெல்லாம் இடம் கொடுப்பது யார்? மேலே இருப்பவர்கள்தான். பல பள்ளிகளில் கட்டணச் சீட்டில் சாரணர் பெயரில் ஒரு வரி இருக்கும், மைதானத்தில் ஒரு சாரணரும் இருக்க மாட்டார். யாராவது பார்வையிட வந்தால் முப்பது பிள்ளைகளுக்கு அவசரமாக ஸ்கார்ஃப் மாட்டி வாசலில் நிறுத்துவார்கள். கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியையைக் கூப்பிட்டு “இதையும் பாருங்கள்” என்று தலையில் கட்டுவார்கள். அவர் பயிற்சிக்குப் போக விடுப்பு கேட்டால் சிலபஸ் முடியவில்லை என்பார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லாத இடத்தில் தரகர் வந்து நாற்காலி போட்டு உட்காருவார். அசம்பாவிதம் நடந்ததும் சுற்றறிக்கை வரும். ஆறு மாதத்தில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

முகாமைப் பற்றிக் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. இரவில் பெண்கள் தூங்கும் இடத்தில் எத்தனை ஆசிரியைகள் இருப்பார்கள்? குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனியாக மூடிய அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. உலகம் முழுக்க நல்ல சாரணர் அமைப்புகள் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி இது, நல்லவர்களுக்கும் பொருந்தும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பக்கத்தில் மருத்துவமனை எவ்வளவு தூரம், கிணறோ ஏரியோ இருந்தால் யார் காவல் என்று கேளுங்கள். செல்போனுக்குத் தடை இருக்கும், அது சரிதான். ஆனால் தினமும் ஒரு தடவை ஆசிரியையின் போனிலிருந்து உங்களோடு பேசவைக்க வேண்டும். பெற்றோர் திடீரென்று வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் முகாமுக்கு என் பேத்தியை நான் அனுப்ப மாட்டேன்.

ஆஸ்துமாவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். முகாமில் எல்லா மருந்தையும் ஆசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிள்ளைகள் மாத்திரையை மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. மூச்சுத் திணறும்போது இழுக்கும் இன்ஹேலருக்கு மட்டும் இது பொருந்தாது. அது உங்கள் மகளின் பையில், அவள் கை எட்டும் தூரத்தில், இரவில் தலைமாட்டில் இருக்க வேண்டும். எங்கள் முகாம் ஒன்றில் ஒரு பெண்ணின் இன்ஹேலர் அலுவலக அறைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். பூட்டை உடைத்தோம், பெண் பிழைத்தாள். என் கை நடுங்கியது நிற்க ரொம்ப நேரம் ஆனது. அதனால் இரண்டு இன்ஹேலர் கொடுத்தனுப்புங்கள்: ஒன்று அவளிடம், ஒன்று ஆசிரியையிடம். எப்போது எத்தனை தடவை என்று மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் இரண்டு பேரிடமும் இருக்கட்டும். அவளுடைய அணித் தலைவிக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பது அவள்தான். கேம்ப் ஃபயரில் புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். தினசரி போடும் மருந்தைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிடாதீர்கள். “விதி விதிதான்” என்று யாராவது இன்ஹேலரைக் கேட்டால், கொடுக்காதே என்று மகளுக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.

திரும்பி வந்ததும் “ஜாலியா இருந்ததா?” என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். யார் பக்கத்தில் படுத்தாய், இரவில் யார் சுற்றி வந்தார்கள், எது பிடிக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். தவறாக ஏதாவது தெரிந்தால் பள்ளியில் பஞ்சாயத்து பேச உட்காராதீர்கள். போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் நிர்வாகத்துக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கேள்விகளைக் கொடுத்து அவரையே பள்ளிக்கு அனுப்புங்கள். முறைப்பதற்குச் சரியான ஆள் அங்கே இருக்கலாம். பதில்கள் ஒழுங்காக வந்தால் பெண்ணை அனுப்புங்கள். வராவிட்டால் இந்த முகாமை விட்டுவிட்டு மாவட்ட அமைப்பு நேரடியாக நடத்தும் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுங்கள். அவள் இரண்டு நாள் அழுவாள்தான்.

சீருடைத் துணியை எங்கே வேண்டுமானாலும் வாங்கித் தைக்கலாம், நிறத்தை மட்டும் ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. கைப்பகுதியைக் காலியாக விடுங்கள். கடையில் தகுதிச் சின்னங்களைச் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், அழகாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் அவள் செய்து காட்டிய பிறகு வாங்கித் தைத்தால் போதும்.