பாப்பாவைப் பேச விடுங்கள், ஐயா

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மகளுக்கு நாலு பேர் முன்னால் பேச வரவில்லை என்ற கவலையோடு, கடந்த சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தீர்கள். அன்று நேரம் போதாமல் விட்டதை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று உங்கள் மகளிடம் நான் ஏழு கேள்விகள் கேட்டேன். ஐந்துக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். "பாப்பாவுக்குக் கூச்ச சுபாவம், சார்" என்பது அந்த ஐந்தில் ஒன்று. மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் 20 வயதுப் பெண், நீங்கள் பேசிய நேரமெல்லாம் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கடையிலிருந்து போன் வந்து நீங்கள் வெளியே போனீர்களே, அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு உதவியது. வகுப்பில் நடந்த செமினாரைப் பற்றி அவளே சொன்னாள். டிரான்ஸ்ஃபார்மர் பற்றிப் பேச வேண்டும். இணையத்திலிருந்து நான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு இரவு கண்விழித்து நெட்டுரு போட்டிருக்கிறாள். மேடையேறி நான்காவது வாக்கியத்தில் ஒரு சொல் நழுவியது. அடுத்த வாக்கியத்துக்குத் தாவவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டாள். கேம்பஸ் வேலைவாய்ப்பில் குழு விவாதம் வைக்கும் கம்பெனி எதற்கும் பெயர் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பிறகு நான் வேறொன்று கேட்டேன். உங்கள் கடையில் துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால், சரக்கு நல்லதா பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூட்டையின் மேலாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டுமாம். சொல்லும்போதே என் மேசைமேல் இல்லாத ஒரு மூட்டைக்குள் அவள் கை இறங்கியது. எடுத்த கையில் மாவு ஒட்டினால் வண்டு விழுந்த சரக்கு. நாள்பட்ட பருப்பு வேக நேரம் பிடிக்கும், வாடிக்கைக்காரர் மறுநாளே வந்து சண்டை போடுவார். விருதுநகரில் எந்த மாதம் வாங்கினால் விலை எப்படி இருக்கும் என்பது வரை சொன்னாள். நிற்காமல் மூன்று நிமிடம். துப்பட்டாவைத் தொடவே இல்லை. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

ஆகவே, உங்கள் மகளுக்குப் பேச வராது என்பதை நான் ஏற்கப்போவதில்லை. அவளுக்கு வராதது ஒப்பித்தல். நம் பள்ளிக்கூடங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே கலக்கி வைத்திருக்கின்றன. பேச்சுப் போட்டி என்றால் தமிழாசிரியர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும், கையை எந்த இடத்தில் தூக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. எட்டாம் வகுப்பில் "ஆன்றோர்களே, சான்றோர்களே" என்று கணீரென்று தொடங்கினேன், அடுத்த வரி வரவில்லை. மறுபடியும் ஆன்றோர்களே, சான்றோர்களே. மூன்றாம் முறை சொன்னபோது தலைமையாசிரியரே சிரித்துவிட்டார். காமராசரைப் பற்றிய பேச்சு அது. என் பாட்டி அவரை நேரில் பார்த்த கதையை எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் அது எழுதித் தந்த தாளில் இல்லையே!

மனப்பாடம் செய்த பேச்சு சரம் மாதிரி. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மொத்தப் பூவும் கொட்டிவிடும். விஷயம் தெரிந்து பேசுகிறவனுக்கு ஒரு சொல் மறந்தால் இன்னொரு சொல் கிடைக்கும்.

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. மேடைப் பயம் என்றதும் எல்லோரும் இரண்டாவதற்கே ஓடுகிறோம், "பயப்படாதே" என்கிறோம். எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், என்னிடம் அவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்பது தெரிந்தால் பயத்தில் பாதி கரைந்துவிடும். பருப்பைப் பற்றி அவள் பேசியபோது அதுதான் நடந்தது. எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

கடைக்காரரான உங்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் ஊர் திரும்பிய காந்தி, பம்பாயில் சிறு வழக்குகளுக்கான ஸ்மால் காஸ் கோர்ட்டில் தம் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது. குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் உட்கார்ந்தார். கட்டணம் 30 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், பிரிட்டோரியாவில் இந்தியர்களின் கூட்டத்தில் பேசினார். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். பேசிய பொருள், வியாபாரத்தில் உண்மையாக இருப்பது. தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். இடையில் அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. அந்த மனிதர்களிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று அவரிடம் இருந்தது, அதற்குத் தயாராகவும் போயிருந்தார்.

பயிற்சி வகுப்பு என்றதும் நினைவு வருகிறது. பத்து நாள் "ஆளுமை வளர்ச்சி" வகுப்புக்கு 15,000 ரூபாய் கட்டலாமா என்று கேட்டீர்கள். கணக்கு உங்களுக்குப் பழக்கம், நீங்களே போட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 20 மணி. வகுப்பில் 40 பேர். முக்கால்வாசி நேரம் பயிற்சியாளரே பேசுவார், அவருக்கு அது நன்றாக வரும். மிச்சமுள்ள 5 மணி நேரத்தை 40 பேருக்குப் பங்கிட்டால் உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம். நீச்சல் கற்க வந்த பிள்ளையைக் கரையில் உட்காரவைத்து நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிற கதை. கட்டாதீர்கள். கட்டியே தீருவேன் என்றால், "ஒவ்வொரு நாளும் என் மகள் எத்தனை நிமிடம் எழுந்து நின்று பேசுவாள்?" என்று மட்டும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்குப் பதிலாக நான் அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை செலவில்லாதது. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கு அன்றைய பாடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். எழுந்து நின்று, தமிழில், மூன்று நிமிடம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உறுமுகிறது என்பதில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் மின்சாரத்தின் காந்த இழுப்புக்கு ஏற்ப நொடிக்கு நூறு முறை நுணுக்கமாக நீண்டு சுருங்குகின்றன, அந்த அதிர்வுதான் நம் காதில் உறுமலாக விழுகிறது. இதை அப்பத்தாவுக்குப் புரியவைத்துவிட்டால் பேராசிரியருக்குப் புரியவைப்பது பெரிய காரியமில்லை. அப்பத்தா குறுக்கே கேள்வி கேட்பார் என்று உங்கள் மகள் அலுத்துக்கொண்டாள். கேட்கட்டும். நேர்முகத் தேர்வில் அதைத்தான் செய்வார்கள்.

எழுதி வைத்துக்கொள்வதில் ஒரே ஒரு விதி. உள்ளங்கை அளவு அட்டை, அதில் ஐந்து சொற்கள், வாக்கியம் கூடாது. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உருப்போட்டுக்கொள்ளலாம். படபடப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடத்தில்தான். அந்த நேரத்தில் மூளையை நம்ப முடியாது, வாய்க்குப் பழகிய இரண்டு வாக்கியங்கள் கைகொடுக்கும்.

வாரம் இருமுறை போனில் பதிவு செய்து கேட்க வேண்டும். முதல் நாள் "இது என் குரலே இல்லை, சகிக்கவில்லை" என்பாள். எல்லோரும் சொல்வதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. ஊரார் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான், அவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. பதிவில் அவள் எண்ண வேண்டியது "வந்து", "அதாவது" என்பவற்றை. என்னிடம் பேசியபோது ஒரு நிமிடத்தில் பதினொரு "வந்து" வந்தது. பருப்பைப் பற்றிச் சொன்னபோது இரண்டோ மூன்றோ.

கை நடுங்குகிறது, எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அவள் அஞ்சுகிறாள். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேடையில் நிற்பவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த உண்மை முன்கூட்டியே எடுத்துச்சொல்லப்பட்ட மாணவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் அவளிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். "பயந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை" என்று சொல்லுங்கள், உண்மையாக இருந்தால்.

ஆங்கிலம்தான் சிக்கல் என்று உறுதியாகச் சொன்னீர்கள். பாதிதான் சரி. தமிழில் தெளிவாகச் சொல்ல வராத விஷயம் ஆங்கிலத்தில் எப்படி வரும்? அப்பத்தாவிடம் தமிழில் சொல்லிப் பழகியதை மறுநாள் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும், எட்டு பத்துச் சொற்களுக்கு மிகாத சின்னச் சின்ன வாக்கியங்களாக. இலக்கணம் தடுக்கினால் நிற்காமல் போகட்டும். கலெக்டர் கனவும் உங்களுக்கு இருக்கிறது, அதனால் ஒன்று சொல்கிறேன்: சிவில் சர்வீஸ் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்கள், அதில் நேர்முகத்துக்கு 275. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் அந்த நேர்முகத்தைத் தமிழிலேயே சந்திக்கலாம். அங்கேயே மொழி தடையில்லை.

குழு விவாதத்துக்கு அவள் பெயர் கொடுக்கத்தான் வேண்டும். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்வார்கள், முதலில் பேசியே தீருவது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சந்தைக்கடை மாதிரி இருக்கும். அந்தப் போட்டியில் இறங்கத் தேவையில்லை. சத்தம் அடங்கும் நேரம் வரும், அப்போது முன்னால் பேசியவரின் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதோடு ஓர் உதாரணத்தைச் சேர்த்தால் போதும். கடையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது யாரை முதலில் கவனிப்பது என்று அவளுக்குத் தெரியும். நானே உங்கள் கடைக்கு வந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

வீட்டுக்கு வெளியே மேடை வேண்டும் என்றால் கல்லூரித் தமிழ் மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கின்றன. 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப் பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்கள் தமிழ்நாட்டின் பெருநகரங்களிலும் இயங்குகின்றன. 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம், முதலில் விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். அங்கே முதல் பேச்சு நான்கு முதல் ஆறு நிமிடம், தன்னைப் பற்றி. நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் வைத்திருப்பார்கள். "ஆ", "ஊ" என்று இழுப்பதை எண்ணவே ஒருவரை நியமித்திருப்பார்கள். சிரிப்பாக இருக்கும், பலனும் இருக்கும். ஆனால் இரண்டு மாதம் அப்பத்தா மேடை முடியட்டும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே தூக்கமும் சாப்பாடும் கெட்டு, கல்லூரிக்கே போக மறுத்தால், அது வெறும் கூச்சம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். நான் பார்த்தவரை உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுக்கு யாராவது வந்து "என்னம்மா படிக்கிறாய்?" என்று அவளிடம் கேட்டால், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவள் நான்கிலோ ஐந்திலோ பதில் சொல்லிவிடுவாள். முதல் நாள் ஒன்பது வரை போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை 11 மணிக்கு அவளை அனுப்பிவையுங்கள். தனியாகவே பஸ் ஏறி வரட்டும், மாட்டுத்தாவணியில் இறங்கி வழி கேட்டு வரட்டும். நீங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்