தூக்கிய பிக்கப்பில் பெரிய டயர்: உரசல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (செந்தூல்): அண்ணே, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் சஸ்பென்ஷனை 2 இன்ச் தூக்கி 285/70 ஆர்17 டயர் போட்டேன். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துக் குழியில் இறங்கினால் முன்டயரின் பின்பக்கம் உரசுகிறது. தூக்கினால் உரசாது என்றுதானே சொன்னார்கள்?

பதில்: பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. தூக்கியதால் கிடைக்கும் இடைவெளி வண்டி நிற்கும்போதுதான். குழியில் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் சக்கரம் பம்ப் ஸ்டாப் (அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் ரப்பர்) வரை மேலேறும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கிறது, டயர்தான் பெருத்துவிட்டது. பழைய 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மிமீ, இப்போது போட்டிருப்பது 831. அதாவது எல்லாப் பக்கமும் 27 மிமீ கூடுதல். அகலத்தில் உள்ளே 10, வெளியே 10.

முதலில் எங்கே உரசுகிறது என்று குனிந்து பாருங்கள். பளபளவென்று தேய்ந்திருக்கும் இடம்தான். மட்கார்டோ பிளாஸ்டிக் லைனரோ என்றால் கவலை இல்லை. சூடு காட்டித் தள்ளிக் கட்டலாம், ஓரத்தை வெட்டலாம். கேபினைச் சேஸியோடு பிணைக்கும் பாடி மவுண்டில் உரசினால்தான் யோசிக்க வேண்டும். அதை வெட்டி வெல்டிங் செய்யச் சொல்லும் போமென்கள் (மெக்கானிக்குகள்) உண்டு. அதற்கு முன் அலைன்மெண்டைப் பாருங்கள். தூக்கியதும் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் கேம் போல்ட்டை (ஆர்மை நகர்த்தும் போல்ட்) திருப்பி ஆர்மை முன்னுக்குத் தள்ளினால் கேஸ்டர் கூடும், சக்கரமும் பாடி மவுண்டை விட்டுச் சில மிமீ முன்னே போகும். பல நேரம் அந்தச் சில மிமீயே போதும். கடையில் 'கேஸ்டரையும் பாருங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டோவை (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): ரிம் வெளியே தள்ளி நின்றால்தான் அழகு. ஆஃப்செட் 0 ரிம் போடலாமா?

பதில்: அழகுதான், மறுக்கவில்லை. ஆஃப்செட் என்பது ரிம் ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து எத்தனை மிமீ தள்ளியிருக்கிறது என்பது; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அதே அகலத்தில் +30 ரிம்மை எடுத்துவிட்டு 0 போட்டால் சக்கரம் 30 மிமீ வெளியே வரும். உள்ளே சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் உரசியிருந்தால் அது நின்றுபோகும். ஆனால் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் அடிக்கும். முன்னே பம்பர் மூலையில் இடிக்கும், பின்னே பாடி மவுண்டில் இடிக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். டயர் ஃபெண்டரைத் தாண்டி நின்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) நிறுத்தும்போதும் புஸ்பாகோம் வாகனச் சோதனையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளே உரசாத வண்டிக்கு இது தேவையே இல்லை.

கேள்வி (அதே அன்பர்): அப்படியென்றால் ஸ்பேஸர்?

பதில்: ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் தட்டுதானே, அதுவும் சக்கரத்தை வெளியே தள்ளுவதுதான். மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கேள்வி (ஸ்தாபாக்): பெரிய டயர் போட்டதிலிருந்து கராக் நெடுஞ்சாலையில் மீட்டர் மெதுவாகக் காட்டுவதுபோல் இருக்கிறது.

பதில்: பிரமை இல்லை. 776க்குப் பதில் 831 என்றால் சுமார் 7 விழுக்காடு வித்தியாசம். மீட்டர் முன்பு சரியாக இருந்ததென்றால், இப்போது அது 100 காட்டும்போது வண்டி 107இல் போகும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் பாதி ஈடாகிவிடலாம். ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வேகக் கேமராவிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும், அதனால் எண்ணெய் மாற்றுவதைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாலேக் பூலாவ்): அண்ணா, டுரியான் தோட்டத்துக்கு ஏறி இறங்கத்தான் வண்டி. தூக்காமலே 265/70 ஆர்17 போடலாமா?

பதில்: தாராளமாகம்மா. விட்டம் சுமார் 803 மிமீ, ஆரத்தில் 13தான் கூடுகிறது. ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் மிஞ்சிப்போனால் மட்கார்டு உரசும். என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவே போதும். டயரைக் கட்டியதும் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு முன்சக்கரத்தைத் திண்டில் ஏற்றி, இருபக்கமும் முழுக்க ஒடித்து, ரிவர்ஸிலும் போய்ப் பாருங்கள். முன்னே போகும்போது உரசாதது ரிவர்ஸில் உரசும். ஸ்பேர் டயரையும் அதே அளவில் வாங்கினால், பின்தொட்டிக்கு அடியில் அது நுழைகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.