நைட் டியூட்டி வாரத்தில் தூரிகை, லீவு நாளில் கேமரா

கேள்வி: கடலூரில் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளராக) இருக்கிறேன். எட்டுக்கு எட்டு ஷிஃப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வருவதில் பாதி சாலை விபத்து. வீட்டுக்கு வந்து படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை, பார்த்ததே கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன், அதோடு விட்டுப்போயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் காலையில் டியூட்டி முடிந்ததும் நேரே புதுச்சேரி போய் போட்டோ எடுக்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். கணவர் இ.எம்.ஐ.யில் கேமரா வாங்கித் தருகிறேன் என்கிறார். ஓவியமா, போட்டோவா? இதனால் மனசு உண்மையிலேயே தேறுமா?
(பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்)

பதில்: சகோதரி, முதலில் அந்த இ.எம்.ஐ.யை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஓவியம், போட்டோ இரண்டுமே உங்களுக்கு ஆகும். ஆனால் ஷிஃப்ட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரவு டியூட்டி வாரத்தில் ஓவியம். பகல் டியூட்டி வாரத்திலும் லீவு நாளிலும் போட்டோ.

இப்படிப் பிரிக்கச் சொல்வது வெளிச்சத்துக்காக. இரவெல்லாம் விழித்திருந்தவர் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றினால், மூளை பொழுது விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். தூக்கத்துக்கு வேண்டிய மெலட்டோனின் அடங்கிவிடும். பிறகு பதினொரு மணிக்குப் படுத்து ஒரு மணிக்கே விழித்துக்கொள்வீர்கள். இரவு டியூட்டி முடிந்தால் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தோடு புதுச்சேரி வரை டூவீலர் ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே நாங்கள் சொல்ல வேண்டுமா? தோழிகளிடமும் சொல்லிவையுங்கள்.

மனசு தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் 39 பேரை 45 நிமிடம் வரையவும், களிமண் பிசையவும், காகிதம் வெட்டி ஒட்டவும் விட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எச்சிலில், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு இறங்கியிருந்தது. வரைந்து பழகியவர்களுக்கு மட்டும்தான் இறங்கியது என்றும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வரையாத ஒரு குழுவை அவர்கள் வைத்திருக்கவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்கு இறங்கவும் இல்லை. ஆகவே இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் வேலையில் எதுவும் உங்கள் கையில் முடிவதில்லை. கேஷுவாலிட்டியில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரைத் துடைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். கொண்டுபோய் விட்டவர் பிழைத்தாரா என்பது பல சமயம் தெரியாமலே போகும். ஒரு சின்னப் படத்தை நீங்களே தொடங்கி, நீங்களே முடித்து, தேதி போட்டு மூடிவைக்கலாம். அதனால்தான், ஒரே உட்காரலில் முடியாத எதையும் எடுக்காதீர்கள் என்கிறோம். சுவரில் பாதியில் நிற்கும் பெரிய கேன்வாஸ் உங்களுக்கு இன்னொரு பெண்டிங் கேஸ்தான்.

வாட்டர்கலரில் தொடங்குங்கள். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும், வாடையும் அடிக்கும். 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் முழு ஷீட், 22-க்கு 30 அங்குலம், ஒன்று வாங்கி நான்குக்கு நான்காக வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு கிடைக்கும். ஒரு துண்டு ஒரு காலைக்கு. காசை மிச்சப்படுத்துவதாக நினைத்து டிராயிங் நோட்டுத் தாளை எடுத்தால், தண்ணீர் பட்டதும் நெளியும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். தப்பு உங்கள் கையில் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். புதுச்சேரியில் ஆசிரமத்துக் கைவினைக் காகிதத் தொழிற்சாலைத் தாள் அழகாக இருக்கும். ஆனால் எல்லா ரகமும் வண்ணத்துக்கு ஆகாது. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடி குமிழாக நின்றால் வாங்கலாம். உடனே உறிஞ்சிவிட்டால் அது வாழ்த்து அட்டைக்குத்தான்.

வண்ணத்தில் மூன்று டியூப் போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). முதல் இரண்டையும் கலந்தால் வெளிறிய சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை வரும்; மழைக்கு முந்தின நம் கடலின் நிறம் அதற்குள்ளேயே இருக்கிறது. சிவப்பு முதல் சில மாதம் வேண்டாம். வெள்ளைத் தாளில் தண்ணீரோடு ஓடுகிற சிவப்பு சிலரைத் திரும்ப ரோட்டுக்கே கொண்டுபோய் விடும். நீர்த்த பர்ன்ட் சியன்னாவே உறுத்தினால் அதை விட்டு, சிவப்புச் சாயல் இல்லாத பழுப்பான ரா அம்பர் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நம்பர் உருண்டைத் தூரிகை ஒன்று, தண்ணீருக்கு இரண்டு டம்ளர் (ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக வைக்க), பிள்ளைகளின் பரீட்சை அட்டை, அரை அங்குல மாஸ்கிங் டேப். இவ்வளவுதான் சாமான்.

குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருங்கள். தாளின் நாலு பக்கமும் டேப் ஒட்டி, அட்டையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்தால் சரிவு சரியாக இருக்கும். எதை வரைவது? அசையாத, யாரும் காப்பாற்ற வேண்டியிராத ஒரு பொருள்: பித்தளைச் சொம்பு, பண்ருட்டிப் பலாக்கொட்டை நாலு, கிளிஞ்சல். பென்சிலில் ஐந்து நிமிடம் வெளிக்கோடு, ரப்பர் கிடையாது. பிறகு வெளிறிய வண்ணம் ஒரு பூச்சு; வண்ணத்தை நிறையக் குழைத்துக்கொண்டு மேலிருந்து கீழே, ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் நிற்கும் நீர்மணியை அடுத்த இழுப்பு கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. பளிச்சென்று இருக்க வேண்டிய இடத்தில் எதையும் பூசாதீர்கள்; வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான்.

பலர் கெடுப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். பளபளப்புப் போனதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பூச்சைத் தொட்டால், ஈரம் பின்னால் தள்ளிக்கொண்டு போய் காலிஃப்ளவர் மாதிரி ஓரம் கட்டிவிடும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். வெயில் காலத்தில் ஃபேன் காற்றில் பத்து நிமிடத்துக்குள் காய்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் ஹேர் டிரையர் வேண்டியிருக்கும். கடைசியாக நிழல், மிக அடர்ந்த இடங்கள். அதோடு தூரிகையைக் கீழே வையுங்கள். மொத்தம் அரை மணிக்கு மேல் போகாது. நேரம் பார்க்க போனில் அலாரம் மட்டும் வைக்காதீர்கள். மணி அடித்தால் எழுந்து ஓடிப் பழகிய உடம்பு உங்களுடையது.

போட்டோவுக்கு இப்போது கையில் இருக்கும் போனே போதும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். நம் கரையில் சூரியன் கடலில் எழுகிறது: மே, ஜூனில் 5.45-ஐ ஒட்டி, ஜனவரியில் 6.30 வாக்கில். பகல் டியூட்டி வாரத்தில் தேவனாம்பட்டினம் போய் வந்துவிட்டே எட்டு மணிக்கு வண்டி ஏறலாம். வானத்துக்கு வெளிச்சம் பூட்டினால் படகுகள் கறுப்பு உருவங்களாக நிற்கும். படகின் வண்ணம் வேண்டுமென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முதுநகர் துறைமுகத்தில் வலை பிரிப்பவர்களை எடுப்பதானால், ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா’ என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

லீவு நாளில் புதுச்சேரி போங்கள். கடலை நோக்கி நேராக ஓடுகிற தெருக்களில் காலை வெயில் தெருவின் நீளத்துக்கும் வந்து விழும். மஞ்சள் சுவர்களின் சுண்ணாம்பு மேடுபள்ளம் தெரிவது அப்போதுதான். உச்சி வெயிலில் அதே சுவர் தட்டையாகிவிடும். ஒரு மாதத்துக்கு ஒரே விஷயம் எடுங்கள், கதவு மட்டும், அல்லது சைக்கிள் மட்டும். ஆம்புலன்ஸில் எந்தப் பக்கம் என்ன வரும் என்று எல்லாத் திசையிலும் துழாவிப் பழகிய கண்ணுக்கு, தேடுவது ஒன்றுதான் என்று சொல்லிவிடுவது பெரிய ஓய்வு. ஒரு நாளைக்குப் பத்து ஷாட்தான் என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி, விபத்து இடம், வண்டிக்குள் இருக்கும் எதுவும் படமாகக் கூடாது. முகத்தை மறைத்தாலும், ஸ்டேட்டஸில் போடாவிட்டாலும் கூடாது. உங்கள் நிறுவன விதி ஒருபுறம் இருக்கட்டும். எதை மறக்க வரைகிறீர்களோ அதையே கேலரியில் சேர்த்துவைப்பானேன்? மனசில் நிற்கும் காட்சியை வரையத் தோன்றினால் தனி நோட்டில் வரையலாம். ஆள் அடையாளம், ஊர், வண்டி எண் எதுவும் அதில் வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் அதே காட்சி கனவிலும் விழிப்பிலும் வந்துகொண்டே இருந்தால், சட்டென்று திடுக்கிடல், சில இடங்களைத் தவிர்த்துப் போவது, எதிலும் ஒட்டாமல் இருப்பது என்று ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டலாம். கூட வேலை பார்ப்பவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. நாள் முழுக்கத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விடும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

கேமராவுக்கு வருகிறோம். ஆறு மாதம் கழித்தும் போனின் ஜூம் போதவில்லை என்று நீங்களாகவே சொன்னால், 18-55 மி.மீ. ஜூம் லென்ஸோடு பழைய கேமரா ஒன்று பாருங்கள். லென்ஸுக்குள் ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். லென்ஸ் துளையைச் சிறிதாக்கி (எஃப்-16) வெறும் வானத்தை எடுத்தால் சென்சார் தூசி புள்ளியாக விழும். வாங்கிய பிறகு தோல் பையில் வைக்காதீர்கள், ஈரம் சேரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். கடற்கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. திரும்பியதும் லேசாக நனைத்த மெல்லிய துணியால் உடம்பைத் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து கொண்டுபோனால் பையைத் திறக்காமல் அரை மணி விட்டுவைத்தால் கண்ணாடியில் நீர் பூக்காது.

அதுவரை அந்தக் காசில் மாதம் பன்னிரண்டு படம் பிரிண்ட் போடுங்கள், நாலுக்கு ஆறு அளவில். ஸ்டூடியோவில் மேட் தாள் என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்புத் தாள் நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.